கணக்கில் பூஜ்யம், புகைபோக்கியில் கோடி டன்: மரத்தை எரிபொருளாக்கினால் என்ன நடக்கிறது?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் செல்பி ஊருக்குப் பக்கத்தில் டிராக்ஸ் என்று ஒரு மின் நிலையம் இருக்கிறது. பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம் இங்கிருந்துதான் போகிறது. கட்டியது நிலக்கரிக்காக; அதன் ஆறு அலகுகளில் நான்கை 2013 முதல் 2018 வரை ஒவ்வொன்றாக மரத்துக்கு மாற்றினார்கள், நிலக்கரியை இப்போது முழுக்க விட்டாயிற்று. முழு வீச்சில் ஓடும் நாளில் சுமார் 20,000 டன் மரம் உலைக்குள் போகிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. பிரிட்டனில் வேறெந்த மின் நிலையமும் அவ்வளவு விடுவதில்லை. ஆனால் நாட்டின் மின் துறைக் கணக்கில் இந்தக் கோடி டன்னுக்கு எதிரே எழுதியிருப்பது பூஜ்யம். போதாததற்கு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற பெயரில் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மானியமும் போகிறது.

கேட்டவுடன் மோசடி என்று கத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் முதலில் நியாயமாகத்தான் இருக்கும். ஐ.நா. காலநிலைக் கணக்கு விதிப்படி, ஒரு மரத்தை வெட்டினால், அதிலுள்ள கார்பன் அந்த நாட்டின் காட்டுக் கணக்கில், வெட்டிய ஆண்டிலேயே இழப்பாக எழுதப்படும். அதையே எரிக்கும் இடத்தில் மறுபடி எழுதினால் ஒரே கார்பனை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். அதனால் எரிக்கும் இடத்தில் பூஜ்யம் என்றார்கள். ஏற்கெனவே வேறு பக்கத்தில் எழுதியாயிற்று, இங்கே எழுதாதே என்பதுதான் அதன் அர்த்தம். வெளியே வருவதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்தக் காட்டுப் பக்கத்துக் கணக்கை யார் கட்டாயமாகப் பார்க்கப் போகிறார்கள் என்பதில். பணக்கார நாடுகளின் உமிழ்வுக்கு வரம்பு வைத்த கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்கா ஏற்புறுதி செய்யவே இல்லை; கனடா 2011-இல் விலகுவதாக அறிவித்தது. டிராக்ஸுக்குப் பெரும்பாலான மரம் வருவது இந்த இரண்டு நாடுகளிலிருந்துதான். ஆக, வெட்டும் நாட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கேட்க ஆளில்லை, எரிக்கும் நாட்டில் விதிப்படியே பூஜ்யம். அப்புறம் உமிழ்வுக்கு விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தையும் மானியத் திட்டங்களும் இந்தப் பூஜ்யத்தை எடுத்து மரத்தின் இயல்பான குணம் போல வைத்துக்கொண்டன. 2009-இல் டிமத்தி சர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். 2018 ஜனவரியில் சுமார் 800 அறிவியலாளர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

சரி, கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு உலைக்குப் போவோம். ஒரே அளவு வெப்பம் தர எது எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடுகிறது? ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு சுமார் 56 டன், நிலக்கரி சுமார் 95 டன், மரம் சுமார் 112 டன். இவை ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தரும் பொது அளவுகள். எரியும் அந்தக் கணத்தில் நிலக்கரியை விட மரம் அதிகம் விடுகிறது, இதில் தரப்பு விவாதம் எதுவும் கிடையாது. மரத்தில் ஆக்சிஜன் கலந்த சேர்மங்கள் நிறைய, ஈரமும் உண்டு, அதனால் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவு. போதாக்குறைக்கு டிராக்ஸ் மாதிரியான நிலையத்தில் உள்ளே போகும் வெப்பத்தில் 40 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மின்சாரமாகிறது, மிச்சம் காற்றுக்கும் ஆற்றுக்கும் போய்விடுகிறது. ஸ்வீடனில் மரக்கழிவை எரித்து மின்சாரமும் எடுத்து, மிஞ்சும் வெந்நீரைக் குழாய் வழியாக நகரத்து வீடுகளைச் சூடாக்க அனுப்புகிறார்கள். அங்கே வெப்பத்தில் பெரும்பகுதி பயன்படுகிறது. இரண்டையும் மர எரிபொருள் என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

மரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளரும், விட்ட கார்பனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வளரும், உண்மை. எப்போது வளர்ந்து முடிக்கும் என்பதுதான் விஷயம். உலையில் ஒரு மரம் எரிந்து முடிய நொடிகள் போதும்; அமெரிக்காவின் தென் மாநிலத் தோட்டத்தில் ஒரு பைன் மரம் பலகைக்கு ஆகும் அளவு வளர 25 முதல் 35 ஆண்டுகள், இயற்கையான கடின மரக் காடு என்றால் இன்னும் பல பத்தாண்டுகள். இந்த இடைவெளியைத்தான் கார்பன் கடன் என்கிறார்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலம் கேட்டு மனோமெட் என்ற ஆய்வு மையம் 2010-இல் செய்த கணக்கில், அந்த வட்டாரக் காட்டு மரத்தை நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாக எரித்தால் கடன் தீர 20 ஆண்டுக்கு மேல், எரிவாயு மின்சாரத்துக்குப் பதிலாக எரித்தால் 90 ஆண்டுக்கும் மேல் என்று வந்தது. 2018-இல் ஜான் ஸ்டெர்மனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளுக்குப் போட்ட கணக்கில் நிலக்கரிக்குப் பதில் மரம் என்றால் 44 முதல் 104 ஆண்டுகள், அதுவும் வெட்டிய இடம் நடுவில் வீட்டுமனையாகவோ வயலாகவோ மாறாமல் காடாகவே வளர்ந்தால். 2050-க்குள் உமிழ்வை நிறுத்துகிறோம் என்று அறிவித்திருக்கும் நாடுகள் 2100 வரை போகும் கடனை வாங்குகின்றன.

ஆனால் இந்த எண்களை எல்லா மரத்துக்கும் பொருத்தக் கூடாது. மறைந்த இயற்பியலாளர் டேவிட் மெக்கே பிரிட்டன் எரிசக்தித் துறையின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தபோது, 2014-இல் ஆனா ஸ்டீபன்சனுடன் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். வட அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வரும் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த மரத்தை எரிபொருளுக்கு எடுக்காமல் விட்டிருந்தால் அதற்கு என்ன ஆகியிருக்கும் என்ற ஒரே கேள்வியைப் பல சூழ்நிலைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். விடைகள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடின. சா மில்லில் குவிந்து, எப்படியும் கொளுத்தப்பட இருந்த தூளும் சீவல்களும் என்றால் மிக நல்ல எரிபொருள். எரிக்காவிட்டால் நின்று வளர்ந்துகொண்டிருக்கக்கூடிய மரத்தைக் கூடுதலாக வெட்டினால் நிலக்கரியை விட மோசம். இரண்டும் பெல்லட் என்ற ஒரே மர உருளைதான், ஒரே கப்பலில்தான் வரும், கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் எழுதப்பட்ட அறிக்கைகளில் படித்தே ஆக வேண்டியது இதுதான், மற்றவை பெரும்பாலும் இதன் அடிக்குறிப்புகள்.

பெல்லட் என்பது மரத்தைத் தூளாக்கி, உலர்த்தி, உயர் அழுத்தத்தில் பென்சில் கனத்துக்குப் பிழிந்தெடுக்கும் சிறு உருளை. பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீர், அதனால் ஒரு டன் பெல்லட்டுக்குச் சுமார் இரண்டு டன் பச்சை மரம் வேண்டும். லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களில் செய்து, பேட்டன் ரூஜ் துறைமுகத்தில் கப்பலேற்றி, அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்தின் இம்மிங்காம் போன்ற துறைமுகங்களில் இறக்கி, மூடிய ரயில் பெட்டிகளில் டிராக்ஸுக்குக் கொண்டுபோகிறார்கள். இதைக் கேட்பவர்கள் கப்பல் எண்ணெயைப் பற்றித்தான் முதலில் கோபப்படுவார்கள். உண்மையில் கப்பல் சின்ன விஷயம், மொத்தத்தில் அதன் பங்கு கொஞ்சம்தான். வெட்டிய மரத்தின் கணக்குதான் பெரியது, அதை விட்டுவிட்டுக் கப்பலைத் திட்டுவது கம்பெனிக்காரர்களுக்கு வசதி.

நாங்கள் கழிவை மட்டும்தான் எடுக்கிறோம் என்பது தொழில்துறையின் நிரந்தர வாசகம். கழிவு என்ற அந்தச் சொல்லுக்குள் சா மில் தூளும் அடங்கும், வெட்டிய பின் கிடக்கும் கிளைகளும் அடங்கும், பலகைக்கு ஆகாத கோணல் மரமும் அடங்கும், தோட்டத்தில் நெருக்கத்தைக் குறைக்க எடுக்கும் இளம் மரங்களும் அடங்கும். கோணலாக இருப்பதால் மில்காரருக்கு அது கழிவு. காட்டில் நிற்கும்வரை அது உயிருள்ள மரம், கார்பனை உறிஞ்சிக்கொண்டிருக்கும், அதன் பொந்தில் பறவையோ வௌவாலோ குடியிருக்கும். வட கரோலினா, வர்ஜீனியா பக்கத்து ஆற்றோரத் தாழ்நிலக் காடுகளிலிருந்து முழுக் கட்டைகள் பெல்லட் ஆலைகளுக்குப் போவதைச் சூழலியல் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் படம்பிடித்து வெளியிட்டு வந்திருக்கின்றன. இந்தக் கடலோரச் சமவெளியைத்தான் 2016-இல் உலகின் 36-ஆவது பல்லுயிர்ச் செறிவிடமாக அறிவித்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காட்டு நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியாருடையது. மரத்துக்கு வாங்க ஆளில்லை என்றால் நிலக்காரர் அதை வீட்டுமனைக்கோ விவசாயத்துக்கோ விற்றுவிடுவார், பெல்லட் ஆலை இருப்பதால் காடு காடாக நீடிக்கிறது என்று வாதிடுகிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு, காகித ஆலைகள் மூடப்பட்ட வட்டாரங்களில் இளம் மரத்துக்கு விலை விழுந்ததும் நிஜம். ஆனால் நிலக்காரருக்கு நல்ல காசு தருவது பலகை மரம். பெல்லட்டுக்குப் போகும் மரம் மிக மலிவு, அந்தச் சில்லறைக்காக ஒருவர் 30 ஆண்டு காடு வளர்ப்பார் என்பதை நம்புவது கடினம். அடுத்து, வட்டாரத்தின் மொத்த மர இருப்பு கூடிக்கொண்டே இருக்கிறது, ஆகவே நாங்கள் எடுப்பதால் பாதிப்பில்லை என்பார்கள். அந்த வளர்ச்சி இவர்கள் எடுக்காவிட்டாலும் இருந்திருக்கும், இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் வளரும் மரத்தை நம் உலைக்கு வரவு வைக்க முடியாது.

கனடா விவகாரம் வேறு ஒரு கோணத்தைக் காட்டியது. 2022-இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் முன்பு வெட்டப்படாத இயற்கைக் காடுகளிலிருந்து டிராக்ஸ் மரம் எடுப்பதாகக் காட்டியது. அப்புறம் பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விசாரித்தது. 2024 ஆகஸ்டில், கனடா மரம் பற்றிய தரவுகளைச் சரியாகக் கொடுக்கவில்லை என்பதற்காக 2.5 கோடி பவுண்டு செலுத்த டிராக்ஸ் ஒப்புக்கொண்டது. வேண்டுமென்றே செய்ததற்கு ஆதாரம் இல்லை, மானியம் தவறாகப் போகவில்லை என்றும் ஆஃப்ஜெம் சொன்னது. எந்தக் காட்டில், என்ன வயசு மரம் என்று காகிதத்தில் காட்ட முடியாத எரிபொருளுக்குத்தான் இத்தனை ஆண்டு பச்சை முத்திரை இருந்தது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு புதிய ஏற்பாட்டை அறிவித்தது: 2027 முதல் 2031 வரை டிராக்ஸ் இப்போதையதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஓட வேண்டும், மானியமும் ஏறக்குறையப் பாதி, மரம் 100 சதவீதமும் நீடித்த முறையில் வந்ததாக இருக்க வேண்டும். அதுவரை இருந்த விதி 70 சதவீதம். ஏன் 70 போதும் என்று முதலில் தோன்றியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்ற வரம்பும் விதியில் உண்டு. ஆனால் அந்த வரம்பு வெட்டும் இயந்திரத்தின் டீசல், உலர்த்தும் செலவு, கப்பல் எண்ணெய் ஆகியவற்றைத்தான் எண்ணும், மரம் எரியும்போது வருவதை எண்ணாது.

இதுவரை பேசியதெல்லாம் கார்பன். பெல்லட் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குக் கார்பன் அப்புறம்தான், முதலில் மூச்சு. மிசிசிப்பியில் குளோஸ்டர் என்று ஒரு சிற்றூர், மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது, பெரும்பாலும் கறுப்பின மக்கள். அங்கே டிராக்ஸின் பெல்லட் ஆலை இருக்கிறது. பைன் மரத்தைச் சூடாக்கி உலர்த்தினால் பிசினிலுள்ள டெர்பீன்களோடு மெத்தனால், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளும் வரும், அரைக்கும்போது நுண்தூள் பறக்கும். அனுமதித்த அளவை விட மிக அதிகமாக ஆவிச் சேர்மங்களை வெளியிட்டதற்காக 2020-இல் மாநில அரசு 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. லூசியானாவில் இரண்டு ஆலைகளின் காற்று மாசு விவகாரம் 2022-இல் 32 லட்சம் டாலரில் முடிந்தது. ஊர்க்காரர்கள் இருமல், ஆஸ்துமா, இரவு முழுக்க இயந்திரச் சத்தம் என்று வருடக்கணக்கில் புகார் சொல்லிவந்தார்கள். அங்கே புகை, இங்கிலாந்தில் பச்சை மின்சாரம்.

பெல்லட்டைச் சேமித்து வைப்பதும் சாதாரண வேலை இல்லை. குவித்து வைத்தால் தானாகச் சூடேறும், கார்பன் மோனாக்சைடு கசியும். கப்பலின் சரக்கறைக்குள் தெரியாமல் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். 2017-இல் டெக்சாஸ் போர்ட் ஆர்தரில் பெல்லட் சேமித்த ஒரு பெரிய கோபுரக் கிடங்கு உள்ளே புகைய ஆரம்பித்து வாரக்கணக்கில் அணையவே இல்லை, சுற்றியிருந்த குடியிருப்புகள் அத்தனை நாளும் அந்தப் புகையைச் சுவாசித்தன.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட்ரஜன், பாஸ்பரஸ், கால்சியம் போன்ற சத்துகள் தண்டுக்கட்டையில் குறைவு, இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும்தான் செறிவு. பலகைக்கு மட்டும் மரம் எடுத்த காலத்தில் கிளையும் இலையும் காட்டிலேயே கிடந்து மக்கின. எரிபொருளுக்கு என்று கிளைகளையும் வாரிக்கொண்டு போனால் மரத்தோடு உரமும் சேர்ந்து போகிறது. பின்லாந்தில் வேர்க்கட்டையைக்கூடத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். மட்கும் கட்டையை நம்பி வாழும் வண்டு, பூஞ்சை, பாசி எல்லாம் அதோடு போகும். சாம்பலைத் திரும்பக் காட்டில் தூவினால் தாதுக்களில் ஒரு பங்கு திரும்பும், ஸ்வீடனில் அதைச் செய்கிறார்கள், ஆனால் நைட்ரஜன் உலையிலேயே காற்றோடு போய்விட்டது.

மரத்தை எரிக்காமல் பெட்ரோலுக்குப் பதிலாக ஊற்றும் திரவமாக்கினால் என்ன? அமெரிக்கா இதைப் பெரிதாகவே கனவு கண்டது. 2007-இல் போட்ட சட்டப்படி 2022-இல் 3,600 கோடி காலன் உயிரி எரிபொருள் வர வேண்டும், அதில் 1,600 கோடி காலன் மரம், புல், வைக்கோல் போன்ற நாரிலிருந்து. சோளத்தைத் தொடாமல் எரிபொருள், கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் சோபர்டன் ஊரில், பைன் காடுகளின் நடுவே, ரேஞ்ச் ஃப்யூயல்ஸ் என்ற கம்பெனி ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. வினோத் கோஸ்லாவின் முதலீடு, மத்திய எரிசக்தித் துறை 7.6 கோடி டாலர் வரை மானியம் அறிவித்தது, விவசாயத் துறை 8 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. மரத்தை வாயுவாக்கி, வினையூக்கி வழியாக எத்தனாலாக்குவது திட்டம். கொஞ்சம் மெத்தனால் வந்தது, பெயருக்கு எத்தனால் வந்தது, 2011-இல் மூடிவிட்டார்கள். 2012-இல் அந்த இடம் 51 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இன்று அங்கே நிற்பது, வேறெங்கோ செய்த எத்தனாலை வாங்கி விமான எரிபொருளாக்கும் ஆலை. மிசிசிப்பியின் கொலம்பஸில் இதே கோஸ்லா முதலீட்டில் கியோர் என்ற கம்பெனியும் மரத்திலிருந்து கச்சா எண்ணெய் எடுக்கப் புறப்பட்டு 2014-இல் திவாலானது.

ஏன் இப்படி? மரத்தின் நாரான செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற பொருள் சிமென்ட் மாதிரி இறுகியிருக்கிறது, மரம் புயலில் நிற்பதற்கும் பூஞ்சைக்கு எளிதில் மசியாததற்கும் அதுதான் காரணம், அதே காரணத்தால் நம் நொதிகளுக்கும் மசிவதில்லை. வாயுவாக்கினால் தார் வந்து வினையூக்கியைக் கெடுக்கிறது. எந்த வழியில் போனாலும் மரத்திலிருந்த ஆற்றலில் பாதியோ அதற்கு மேலோ வழியிலேயே போய்விடும். இதைச் சூழல் கணக்காகவும் படிக்கலாம்: ஒரு லிட்டருக்கு அவ்வளவு அதிக மரம் வேண்டும், அவ்வளவு அதிக நிலம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல உதாரணம் பின்லாந்தின் லாப்பேன்ராந்தா, யு.பி.எம். கம்பெனி 2015 முதல் காகிதக்கூழ் ஆலையில் மிஞ்சும் பிசின் எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கிறது. இதற்கென்று மரம் வெட்டவில்லை. அங்கேகூட, அந்தப் பிசின் எண்ணெயை முன்பு பெயின்ட்டுக்கும் பசைக்கும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எதை வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மெக்கே கேட்ட அதே கேள்வி.

அந்தக் கேள்வியை நம்மூருக்கும் கொண்டுவரலாம், ஏனென்றால் ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக் கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையங்கள் வந்து பல வருடமாகிறது. இங்கே விடை டிராக்ஸுக்கு வந்த மாதிரி வராது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்க்கும், மூன்று நான்கு ஆண்டில் மறுபடி வெட்டும் பருவம், கடன் சீக்கிரம் அடைந்துவிடும். வெட்டாமல் விட்டால் கண்மாயையும் தரிசையும் அடைத்துக்கொள்ளும். வெட்டிக் கரிமூட்டம் போட்டால் ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகு போகிறது, மூட்டத்திலிருந்து மீத்தேனும் சேர்ந்து வருகிறது. அதைப் பார்க்கும்போது ஒழுங்கான கொதிகலனில் எரிப்பது மேல்.

ஆனால் 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றச் சொன்னது, 2022-இல் தமிழக அரசே அயல் ஊடுருவிச் செடிகளை அகற்றக் கொள்கை வெளியிட்டது. வேரோடு பிடுங்குவது ஒரு வேலை, துளிர்க்கும்படி விட்டு அறுப்பது வேறு வேலை. மின் நிலையத்துக்கு வேண்டியது இரண்டாவது. வங்கிக் கடன் வாங்கிக் கொதிகலன் நிறுத்தியவருக்குப் பதினைந்து இருபது வருடத்துக்கு விறகு வந்தாக வேண்டும், கருவேலம் தீர்ந்துபோனால் அவர் அடுத்துத் தேடுவது சவுக்கையும் தைல மரத்தையும்தான். தைல மரத் தோட்டங்கள் நிலத்தடி நீரை என்ன செய்தன என்பதைப் புதுக்கோட்டை விவசாயிகளிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.